ரத்த வாந்தி கேஸும் இன்சூரன்ஸ் மேசையும்

இன்சூரன்ஸ் மேசைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு:

1. ரத்த வாந்தியோடு வருகிறவர் வீட்டாரிடம் முதல் கேள்வியே பாலிசி நம்பராக இருக்கக் கூடாது. நடைமுறைகளைக் காட்டி உயிர்காக்கும் சிகிச்சையைத் தாமதிக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1989-லேயே சொல்லிவிட்டது.

2. ப்ரீ-ஆத் (முன் அனுமதி) படிவத்தில் 'ரத்த வாந்தி' என்று மட்டும் எழுதினால் கேள்வி திரும்பி வரும். அது அறிகுறி, நோய் வேறு. முதல் நாளில் பி.பி., ஹீமோகுளோபின், ஏற்றிய ரத்தம் எத்தனை யூனிட் என்று எழுதுங்கள். எண்டோஸ்கோபி முடிந்ததும், இரைப்பைப் புண்ணுக்குக் கிளிப் போட்டார்களா, உணவுக்குழாயில் புடைத்த நாளத்துக்கு பேண்ட் போட்டார்களா என்று கேட்டு, கூடுதல் தொகைக்கான கோரிக்கையை அன்றே அனுப்புங்கள்.

3. இதை நிதானமாகப் படியுங்கள். மதுப்பழக்கமும் அதன் விளைவுகளும் பெரும்பாலான பாலிசிகளில் விலக்கு. நள்ளிரவில் யாரோ கேஸ் ஷீட்டில் 'குடிப்பவர்' என்று எழுதிய ஒரு சொல், ஒரு குடும்பத்தைக் கடனில் தள்ளிவிடும். ஹெபடைட்டிஸ் பி, சி, கொழுப்புக் கல்லீரல் முற்றினாலும் உணவுக்குழாய் நாளங்கள் புடைக்கும். மூட்டுவலி மாத்திரையாலும் புண் வந்து ரத்தம் கொட்டும். காரணம் எது என்பதை மருத்துவரே தெளிவாக எழுதட்டும், கேட்டு வாங்குங்கள். மதுதான் காரணமென்றால் அது அப்படியே இருக்கட்டும். அடித்துத் திருத்துவது மோசடி. அடுத்துப் பார்க்கும் மருத்துவரையும் அது தவறான வழியில் கொண்டுபோகும்.

4. ரத்தத்துக்கு விலை கிடையாது. பதப்படுத்தும், பரிசோதிக்கும் கட்டணம்தான். பை எண்ணும் பில்லும் ஒத்துப்போக வேண்டும்.

5. பாலிசி வரம்பைத் தாண்டிய அறைக்குப் போனால், வாடகை மட்டுமல்ல, டாக்டர் ஃபீஸும் அதே விகிதத்தில் வெட்டுப்படலாம். ஐ.சி.யூ., மருந்து, பரிசோதனைக் கட்டணங்களில் அந்த வெட்டு கூடாது. வெட்டினால் எழுதிக் கேளுங்கள். ஐ.சி.யூ.விலிருந்து வார்டுக்கு மாற்றும் முன்பே இதை வீட்டாருக்குச் சொல்லிவிடுவது நம் கடமை.

6. கேஷ்லெஸ் கோரிக்கைக்கு 1 மணி நேரம், டிஸ்சார்ஜ் ஒப்புதலுக்கு 3 மணி நேரம்: காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 2024-இல் வைத்த கெடு. அதற்கு மேல் தாமதித்து மருத்துவமனைச் செலவு கூடினால், கூடுதல் தொகை இன்சூரன்ஸ் கம்பெனியின் பொறுப்பு. நேரத்தைக் குறித்து வையுங்கள்.

7. கையிலிருந்து கட்டியவர்களுக்கு அசல் பில், எண்டோஸ்கோபி ரிப்போர்ட், டிஸ்சார்ஜ் சம்மரி எல்லாவற்றையும் கொடுங்கள். நகல் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். கம்பெனி மறுத்தால், ஓராண்டுக்குள் இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் முறையிடலாம், கட்டணம் இல்லை. இதை ஒவ்வொரு குடும்பத்துக்கும் மறக்காமல் சொல்லி அனுப்புங்கள்.