மயங்கி விழுந்தவரின் நாடி மெதுவாக அடித்தால்

நிவாரண வரிசையில் நின்ற பெரியவர் ஒருவர் திடீரென மயங்கி விழுகிறார். நாடி பார்த்த தாதி, "நிமிடத்துக்கு 42 தான்" என்கிறார். "வெயில்தானே, சோடா கொடுங்கோ" என்கிறார் ஒருவர். "இதயம் நிற்கப் போகுது" என்று அழுகிறார் மனைவி. எது சரி? நாம் சற்று ஆராய்வோம்.

வளர்ந்தவரின் நாடி ஓய்வாக இருக்கும்போது நிமிடத்துக்கு 60 முதல் 100 தடவை வரை அடிக்கும். மண்வெட்டி பிடித்து உரமேறிய உடம்பில் 50 அளவில் அடிப்பதும் உண்டு. தலைச்சுற்றோ களைப்போ இல்லையென்றால் அது பெரும்பாலும் நோயல்ல.

இறைப்பு இயந்திரத்தை நினைத்துப் பாருங்கள். வேகம் மிகக் குறைந்தால் மேட்டுப் பாத்திக்குத் தண்ணீர் ஏறாது. நம் உடம்பின் மேட்டுப் பாத்தி மூளை. இரத்தம் போதாவிட்டால் மயக்கம் வரும். படுக்க வைத்ததும் பலர் தெளிவது இதனாலேயே.

காரணங்கள்

1. பசி, வெயில், நெடுநேரம் நிற்றல், பயம், கடும் வலி. இவற்றால் நாடி சற்று நேரம் தளர்ந்து, படுத்தபின் வழமைக்குத் திரும்பும்.

2. குளிசைகள். அற்றெனலோல், புரொப்ரனலோல் போன்ற பிரஷர் குளிசைகள் நாடியை மெதுவாக்கும். இடம்பெயரும்போது கிளினிக் கொப்பியைத் தொலைத்தவர்கள், ஒரே மருந்தை இரு இடங்களில் வெவ்வேறு பெயரில் பெற்று இரட்டிப்பாக விழுங்கக்கூடும்.

3. பூச்சிமருந்து. மருந்து அடித்தபின் வியர்வை, வாயில் நீர் ஊறல், சுருங்கிய கண்மணி, மூச்சுத் திணறல் என்பவற்றுடன் நாடியும் தளர்ந்தால் அது நஞ்சேறல். உடைகளைக் களைந்து சவர்க்காரமிட்டுக் கழுவி, போத்தலின் லேபலுடன் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள்.

4. இதயத்தினுள் துடிப்பைக் கடத்தும் பாதை பழுதடைதல். இது வயதானவர்களில் கூடுதலாக வரும். முன்னறிகுறி இல்லாமலே விழுத்திவிடும். ஈ.சி.ஜி. இதைக் காட்டும். ஆனால் மயக்கம் தெளிந்தபின் எடுத்த ஈ.சி.ஜி. சரியாக இருந்தாலும், மீண்டும் விழுந்தால் மீண்டும் போக வேண்டும். தேவையானோருக்குத் தோலின்கீழ் 'பேஸ்மேக்கர்' என்ற சிறு கருவி பொருத்துவார்கள். அது துடிப்பைத் தூண்டிக் கொடுக்கும்.

செய்ய வேண்டியவை

மல்லாக்கப் படுக்க வைத்துக் கால்களை உயர்த்துங்கள். முழுமையாகத் தெளியும்வரை வாயில் எதுவும் ஊற்றாதீர்கள். பெருவிரலைத் தவிர்த்து, இரு விரல்களை மணிக்கட்டில் வைத்து முழுதாக ஒரு நிமிடம் எண்ணுங்கள். பத்து நிமிடம் கழித்து மறுபடி எண்ணி இரண்டையும் எழுதி வையுங்கள்.

நாடி தொடர்ந்து 50க்குக் குறைவாக இருந்தால், நெஞ்சுநோ அல்லது மூச்சுத் திணறல் இருந்தால், வேலை செய்யும்போதோ படுத்திருக்கும்போதோ மயக்கம் வந்திருந்தால், தாமதிக்க வேண்டாம். 1990ஐ அழைத்தால் அம்புலன்ஸ் இலவசமாக வரும். வீட்டிலுள்ள எல்லாக் குளிசைகளையும் பையில் போட்டுக்கொண்டு போங்கள். பிரஷர் குளிசையை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம். திடீரென நிறுத்துவதும் ஆபத்தே.

அந்தப் பெரியவரின் நாடி பத்து நிமிடத்தில் 68 ஆனால் மனைவி ஆறுதல் அடையலாம், ஆனாலும் ஒருமுறை வைத்தியரிடம் காட்ட வேண்டும். 42இலேயே நின்றால் சோடா போதாது.

கலந்துரையாடலுக்கு

1. உங்கள் குடும்பத்தில் யார் யார் என்னென்ன குளிசை எடுக்கிறார்கள்? அது எங்கே எழுதப்பட்டுள்ளது?
2. இங்குள்ள எத்தனை பேருக்கு நாடி எண்ணத் தெரியும்? இன்றே ஒருவர் மற்றவருக்கு எண்ணிப் பாருங்கள்.
3. இரவில் ஒருவர் விழுந்தால் தொலைபேசியும் வாகனமும் யாரிடம் உண்டு?