ஒரு தென்னை, இரண்டு வண்டுகள்

மாணவர்களே, தென்னை மரம் ஒன்று வாடுகிறது. வண்டுதான் காரணம் என்கிறார்கள். எந்த வண்டு? அதன் வாழ்க்கையின் எந்தப் பருவம் மரத்தைத் தாக்குகிறது? இவ்விரு கேள்விகளுக்கும் விடை தெரிந்தால்தான் மரத்தைக் காப்பாற்ற வழி தேட முடியும்.

மலேசியாவில் தென்னையைத் தாக்கும் இரண்டு வண்டுகளை ஒப்பிடுவோம். இரண்டும் முட்டை, புழு, கூட்டுப்புழு, வண்டு என நான்கு பருவங்களைக் கடந்து முழு உருமாற்றம் அடைகின்றன. ஆனால், வாழிடத்திலும் உணவிலும் இவை வேறுபடுகின்றன.

காண்டாமிருக வண்டு

கறுப்பு நிறம்; தலையில் கொம்பு. இதன் புழுவுக்கு மூன்று இணைக் கால்கள் உண்டு. அது மட்கிய மரம், சாணம், குப்பை எரு ஆகியவற்றில் வாழ்ந்து அவற்றையே உண்கிறது. உயிருள்ள மரத்தைத் தொடுவதில்லை. சேதம் செய்வது வளர்ந்த வண்டு. இரவில் பறந்து வந்து, குருத்தைக் குடைந்து சாற்றை உறிஞ்சுகிறது. பின்னர் விரியும் ஓலைகள் கத்தரியால் வெட்டியதுபோல் தெரியும்.

செம்பனைத் தோட்டங்களில் மறுநடவின்போது மட்கும் பழைய மரங்களிலும் இது பெருகுகிறது. இதைக் கட்டுப்படுத்த உதவும் வைரஸ் ஒன்று 1963இல் மலேசியாவில்தான் கண்டறியப்பட்டது.

சிவப்புக் கூன்வண்டு

செம்பழுப்பு நிறம், நீண்டு வளைந்த மூக்கு. 2007இல் திரெங்கானுவில் இது இருப்பது கண்டறியப்பட்டது. பெண் வண்டு மரத்தின் காயங்களில் முட்டையிடுகிறது. கால்களற்ற புழுக்கள் உயிருள்ள தண்டின் உள்ளே திசுவைத் தின்று வளர்கின்றன. இங்கே பெரும் சேதம் செய்வது புழுதான். வெளியே அறிகுறி தெரியும் நேரத்தில், உட்பகுதி பெரும்பாலும் அழிந்திருக்கும்.

ஒப்பீடு தரும் பாடம்

மட்கிய மரங்களை அகற்றினால் காண்டாமிருக வண்டின் புழுக்கள் வளர இடம் குறையும். கூன்வண்டின் புழுவோ மரத்துக்குள் மறைந்திருக்கிறது. எனவே, மரத்தில் காயம் படாமல் காப்பதும் அடிக்கடி சோதிப்பதும் அவசியம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். காண்டாமிருக வண்டு குடைந்த துளையே கூன்வண்டு முட்டையிட வாசலாகலாம். முதல் வண்டைக் கட்டுப்படுத்தினால், இரண்டாவது வண்டு நுழையும் வழியும் குறையும்.

சிந்தித்து விடை எழுதுக: குப்பை எருவில் கால்களுள்ள பருத்த வெள்ளைப் புழு ஒன்று சுருண்டு கிடக்கிறது. மேற்கண்ட இரண்டில் அது எந்த வண்டின் புழுவாக இருக்கலாம்? இரண்டு காரணங்கள் தருக.