கடல் கடந்த சொந்த அரங்கம்

அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் ஜாக்சன்வில் என்றொரு நகரம் உண்டு. அக்டோபர் மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், காலை மணி 9.30-க்கு, அந்நகர இரசிகர்கள் தங்கள் குழுவின் சட்டையை அணிந்துகொண்டு தொலைக்காட்சியின் முன் அமர்கின்றனர். வழக்கமாக அவர்கள் தங்கள் ஊர் விளையாட்டரங்கில் கூடியிருக்க வேண்டியவர்கள். அன்று நடப்பது 'சொந்த அரங்க ஆட்டம்' என்றுதான் அட்டவணையும் கூறுகிறது. ஆனால், ஆட்டம் நடைபெறுவதோ ஏறத்தாழ 7,000 கிலோமீட்டர் தொலைவிலுள்ள இலண்டனில். அங்கே அப்போது பிற்பகல் 2.30. நம் நாட்டில் இரவு 9.30.

ஜாக்சன்வில் ஜாகுவார்ஸ் குழு 2013-ஆம் ஆண்டு முதல், கோவிட் பெருந்தொற்று பரவிய 2020-ஐத் தவிர, ஒவ்வோர் ஆண்டும் இலண்டனில் ஆடி வருகிறது. ஊர்க்காரர்களுக்குச் சொந்தமான ஆட்டத்தை வேற்று நாட்டுக்கு ஏன் கொண்டு செல்ல வேண்டும்? அதனால் யாருக்கு ஆதாயம்? யாருக்கு இழப்பு?

இதைப் புரிந்துகொள்ள முதலில் அந்த விளையாட்டைப் பற்றிச் சிறிது அறிய வேண்டும். நாம் காற்பந்து என்று அழைக்கும் விளையாட்டு வேறு. அமெரிக்கக் காற்பந்து வேறு. பின்னதில் பந்து நீள்வட்ட வடிவில் இருக்கும். அதைப் பெரும்பாலும் கையால்தான் எறிவார்கள். கையில் அணைத்துக்கொண்டு ஓடுவார்கள். ஒரு பக்கத்திற்குப் பதினொருவர். நான்கு முயற்சிகளுக்குள் பத்து கெஜம் முன்னேற வேண்டும். இயலாவிட்டால் பந்து எதிரணிக்குப் போய்விடும். எதிரணியின் எல்லைக்குள் பந்தைக் கொண்டு சேர்த்தால் ஆறு புள்ளிகள். தலைக்கவசமும் தோள்பட்டைக் காப்பும் அணிந்த ஆட்டக்காரர்கள் ஒருவரோடு ஒருவர் கடுமையாக மோதிக்கொள்வதால், ஒரு குழு வாரத்திற்கு ஓர் ஆட்டத்திற்கு மேல் ஆடுவது கடினம்.

என்.எஃப்.எல். எனப்படும் தேசியக் காற்பந்து லீக்கில் 32 குழுக்கள் உள்ளன. 2020 வரை ஒவ்வொரு குழுவும் ஒரு பருவத்தில் 16 ஆட்டங்களில் மட்டுமே களமிறங்கியது. அவற்றுள் எட்டு மட்டுமே சொந்த அரங்கில் நடைபெறும். இங்கிலாந்தின் பிரிமியர் லீக்கில் ஒரு குழுவுக்குச் சொந்த அரங்கில் 19 ஆட்டங்கள் கிடைக்கின்றன என்பதை ஒப்பிட்டுப் பாருங்கள். எட்டில் ஒன்றை இழப்பது சிறிய இழப்பன்று. ஆண்டு முழுவதும் பணம் சேர்த்துப் பருவச் சீட்டு வாங்கும் இரசிகருக்கு மட்டுமன்றி, அரங்க வாசலில் உணவு விற்பவருக்கும், வாகன நிறுத்துமிடம் நடத்துபவருக்கும், அருகிலுள்ள தங்கும் விடுதிக்கும் அது எட்டில் ஒரு பங்கு வருமானம்.

வெளிநாட்டில் ஆடும் எண்ணம் திடீரெனத் தோன்றியதன்று. 1986-இல் இலண்டனின் பழைய வெம்பிளி அரங்கில் சிகாகோ பியர்ஸ், டல்லாஸ் கௌபாய்ஸ் குழுக்கள் மோதின. 1994-இல் மெக்சிகோ நகரில் நடந்த ஓர் ஆட்டத்தைக் காண 112,376 பேர் திரண்டனர். எனினும், அவை பருவம் தொடங்குவதற்கு முன் நடைபெறும் பயிற்சி ஆட்டங்கள். வென்றாலும் தோற்றாலும் கணக்கில் சேராது. முன்னணி ஆட்டக்காரர்கள் சிறிது நேரம் தலைகாட்டிவிட்டு வெளியேறிவிடுவார்கள். பணம் கொடுத்து வந்த இரசிகருக்கு அது விருந்தின் வாசனையை மட்டும் காட்டி அனுப்புவது போன்றதே.

மற்றொரு முயற்சியும் நடந்தது. 1991-இல் தொடங்கப்பட்ட ஒரு தனி லீக், பின்னாளில் என்.எஃப்.எல். ஐரோப்பா என்ற பெயரில் ஐரோப்பிய நகரங்களிலேயே குழுக்களை வைத்து நடத்தப்பட்டது. அது தொடர்ந்து நட்டத்தில் ஓடியது, 2007-இல் மூடப்பட்டது. அப்போது மிஞ்சியிருந்த ஆறு குழுக்களுள் ஐந்து ஜெர்மனியைச் சேர்ந்தவை. இத்தகவலை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் இதற்குத் திரும்புவோம்.

கணக்கில் சேரும் முதல் பருவ ஆட்டம் 2005 அக்டோபர் 2-ஆம் நாள் அமெரிக்க எல்லையைத் தாண்டியது. மெக்சிகோ நகரின் அஸ்டேக்கா அரங்கில் அரிசோனா கார்டினல்ஸ் குழு சான் பிரான்சிஸ்கோ 49-அர்ஸ் குழுவை 31-14 என்று வென்றது. பார்வையாளர்கள் 103,467 பேர். மாதிரியைக் காட்டுவதை விட்டு அசலையே கொண்டு சென்றால் மக்கள் வருவார்கள் என்பது அன்று தெளிவாயிற்று.

இரண்டு ஆண்டுகள் கழித்து, 2007 அக்டோபர் 28-ஆம் நாள், புதிய வெம்பிளியில் நியூயார்க் ஜயண்ட்ஸ் குழு மயாமி டால்ஃபின்ஸ் குழுவை 13-10 என்று வென்றது. அன்று நல்ல மழை. கனத்த உடலுடைய ஆட்டக்காரர்கள் மோதி விழுந்ததில் புல்தரை சேறாகிவிட்டது. அடுத்த மாதமே அதே திடலில் இங்கிலாந்து, குரோவேசியா அணிகளுக்கிடையே ஐரோப்பியக் கிண்ணத் தகுதி ஆட்டம். இங்கிலாந்து 2-3 என்று தோற்றுப் போட்டியிலிருந்து வெளியேறியது. திடலைக் குறை கூறியவர்கள் பலர். குரோவேசியாவும் அதே சேற்றில்தான் ஆடியது என்பதையும் நாம் மறக்கக்கூடாது.

ஒரு திடலில் இரு விளையாட்டுகளை நடத்துவது எளிதன்று என்பதை இந்நிகழ்வு காட்டியது. 2019-இல் திறக்கப்பட்ட டோட்டன்ஹாம் ஹாட்ஸ்பர் அரங்கம் இதற்கு ஒரு விடை கண்டது. அங்கே காற்பந்துக்கான இயற்கைப் புல்தரை மூன்று பகுதிகளாகப் பிரிந்து, பார்வையாளர் இருக்கைகளுக்கு அடியில் நகர்ந்துவிடும். அதன் கீழே அமெரிக்கக் காற்பந்துக்கென அமைக்கப்பட்ட செயற்கைத் தரை தயாராக இருக்கும். இரண்டும் ஒன்றையொன்று கெடுப்பதில்லை.

மெக்சிகோவில் அப்படியொரு வசதி இல்லை. 2018 நவம்பர் 19-ஆம் நாள் அஸ்டேக்கா அரங்கில் கன்சாஸ் சிட்டி சீஃப்ஸ், லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸ் குழுக்கள் மோதுவதாக இருந்தது. மெக்சிகோ நகரம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கே காற்று அடர்த்தி குறைந்தது. விரைவில் மூச்சு வாங்கும். அதற்குப் பழகிக்கொள்ள ராம்ஸ் குழு மலைப்பாங்கான கொலராடோவுக்குச் சென்று பயிற்சி செய்தது. ஆனால், மழையாலும் அரங்கில் நடந்த பிற நிகழ்ச்சிகளாலும் புல்தரை ஆங்காங்கே பிய்ந்து கிடந்தது. ஆட்டக்காரர்களுக்குக் காயம் ஏற்படலாம் என்று அஞ்சி, ஆறு நாள்களுக்கு முன்பு ஆட்டத்தை லாஸ் ஏஞ்சலசுக்கு மாற்றினர். அந்த ஆட்டமோ வரலாற்றில் இடம்பெற்றுவிட்டது. ராம்ஸ் 54, சீஃப்ஸ் 51. இரு குழுக்களும் ஐம்பது புள்ளிகளைத் தாண்டிய முதல் என்.எஃப்.எல். ஆட்டம் அதுதான். நுழைவுச்சீட்டு வாங்கி நாள்களை எண்ணிக்கொண்டிருந்த மெக்சிகோ இரசிகர்கள் அதைத் தொலைக்காட்சியில்தான் பார்த்தார்கள்.

பயணமும் ஒரு பெரிய வேலை. ஒரு குழுவில் 53 ஆட்டக்காரர்கள். அவர்களோடு பயிற்றுநர்கள், மருத்துவர்கள், உடற்பயிற்சி வல்லுநர்கள், சமையல் பொறுப்பாளர்கள். இலண்டன் நேரம் நியூயார்க்கைவிட ஐந்து மணிநேரமும் லாஸ் ஏஞ்சலசைவிட எட்டு மணிநேரமும் முந்தியது. உறக்கம் கெட்டால் ஆட்டமும் கெடும். ஆகவே, சில குழுக்கள் திங்கட்கிழமையே வந்துவிடுகின்றன. வேறு சில குழுக்கள் ஆட்டத்திற்கு இரண்டு நாள்களுக்கு முன்புதான் வருகின்றன. எது சிறந்தது என்பதில் பயிற்றுநர்களிடையே இன்னும் ஒருமித்த கருத்து இல்லை. 2015-இல் நியூயார்க் ஜெட்ஸ் குழு இலண்டனுக்கு அனுப்பிய பொருள்களுள் 350 சுருள் கழிப்பறைத் தாளும் இருந்தது. பிரிட்டனில் கிடைக்கும் தாள் மிகவும் மெல்லியதாம்! சிரிப்பூட்டும் செய்திதான். ஆயினும், ஆட்டக்காரர்கள் வீட்டில் இருப்பதுபோலவே உணர வேண்டும் என்பதற்காக அவர்கள் எந்த அளவுக்கு மெனக்கெடுகிறார்கள் என்பதை இது காட்டுகிறது.

நேர வேறுபாடு தொல்லை மட்டுமன்று. அதுவே ஒரு வாய்ப்புமாயிற்று. 2014 அக்டோபரில் முதன்முறையாக ஓர் ஆட்டம் அமெரிக்கக் கிழக்குக் கரை நேரப்படி காலை 9.30-க்குத் தொடங்கும்படி வைக்கப்பட்டது. வெம்பிளியில் அட்லாண்டா ஃபால்கன்ஸ் குழுவுக்கு அது சொந்த அரங்க ஆட்டம். முதற்பாதியில் அவர்கள் 21-0 என முன்னணியில் இருந்தார்கள். பின்னர் டெட்ராய்ட் லயன்ஸ் குழு மெல்ல மெல்ல நெருங்கியது. இறுதி நொடிகளில் லயன்ஸ் உதைத்த பந்து கம்பத்திற்கு வெளியே சென்றது. தோற்றுவிட்டோம் என்று அவர்கள் நினைத்த வேளையில், தாமதம் செய்ததற்காக அவர்களுக்கே தண்டனை விதிக்கப்பட்டு, ஐந்து கெஜம் பின்னுக்குத் தள்ளப்பட்டு, மீண்டும் உதைக்கும் நிலை வந்தது. இம்முறை பந்து உள்ளே சென்றது; 22-21. தண்டனையே வரமான விந்தை! காலை உணவு வேளையில் இப்படியோர் ஆட்டம் கிடைத்ததில் தொலைக்காட்சி நிறுவனங்களுக்கு மகிழ்ச்சி. ஞாயிற்றுக்கிழமையில் விற்பதற்கு இன்னொரு நேரம் கிடைத்துவிட்டது அல்லவா?

இப்போது பணத்தைப் பற்றிப் பேசலாம். அமெரிக்காவில் இந்த விளையாட்டைப் பார்க்காதவர்களே குறைவு. அங்கே புதிய இரசிகர்களைத் தேடுவது, நிறைந்த குடத்தில் நீர் ஊற்றுவதற்கு ஒப்பாகும். ஆகவே, வளர்ச்சியை வெளியேதான் தேட வேண்டும். வெளிநாட்டு ஒளிபரப்பு உரிமை, விளம்பரம், சட்டை விற்பனை ஆகியவை யாவும் அதில் அடங்கும். ஜாக்சன்வில் குழுவின் கணக்கு சற்று வேறு. அதன் உரிமையாளர் ஷாஹித் கான் பாகிஸ்தானில் பிறந்து, பதினாறு வயதில் அமெரிக்காவுக்குப் படிக்கச் சென்று, வாகன உதிரிப்பாகத் தொழிலில் உயர்ந்தவர். இலண்டனின் ஃபுல்ஹம் காற்பந்துக் கழகமும் அவருடையதே. ஜாக்சன்வில் சிறிய சந்தை. இலண்டனில் கிடைக்கும் வருமானம்தான் குழு அந்நகரிலேயே நிலைத்திருக்க உதவுகிறது என்பது அவர் தரப்பு வாதம்.

இந்த வாதத்தை இரசிகர்கள் எளிதில் ஏற்கவில்லை. அதற்குக் காரணம் உண்டு. அமெரிக்காவில் குழுக்கள் ஊர் மாறுவது புதிதன்று; செயின்ட் லூயிஸ் நகரில் இருந்த ராம்ஸ் 2016-இல் லாஸ் ஏஞ்சலசுக்குப் போய்விட்டது. 2018-இல் ஷாஹித் கான் வெம்பிளி அரங்கையே விலைக்கு வாங்க முன்வந்தபோது, ஜாக்சன்வில்லில் பலருக்கு வயிற்றில் புளி கரைத்தது. பின்னர் அவர் அம்முயற்சியைக் கைவிட்டார். குழுவும் இன்றுவரை அந்நகரில்தான் இருக்கிறது. 'ஓர் ஆட்டத்தை விட்டுக்கொடுத்தால் மற்றவை நிலைக்கும்' என்பது நியாயமான பேரமா, மறைமுக மிரட்டலா என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள். என் பார்வையில், இரண்டுமே அதில் சிறிது கலந்திருக்கிறது.

2021-இல் ஒரு மாற்றம் வந்தது. ஆட்டங்களின் எண்ணிக்கை 17 ஆனது. ஒற்றைப்படை எண் என்பதால், ஒவ்வோர் ஆண்டும் பாதிக் குழுக்களுக்குச் சொந்த அரங்கில் ஒன்பது ஆட்டங்கள் கிடைக்கின்றன. வெளிநாட்டு ஆட்டங்களுக்குப் பெரும்பாலும் அந்தக் குழுக்களையே தேர்ந்தெடுக்கின்றனர். தாமாக முன்வரும் குழுக்களுக்கு மட்டும் விலக்கு. ஒன்பதில் ஒன்று போனாலும் எட்டு மிஞ்சும். இரசிகரின் மனக்குறை முற்றாகத் தீரவில்லை, எனினும் குறைந்தது.

அதன் பின்னர் ஆட்டங்கள் பல திசைகளில் பரவின. 2022 நவம்பரில் மியூனிக் நகரின் அலியன்ஸ் அரங்கில் ஜெர்மனியின் முதல் பருவ ஆட்டம் நடைபெற்றது. அரங்கில் இடம் பிடித்தவர்கள் ஏறத்தாழ 70,000 பேர். நுழைவுச்சீட்டுக்காக இணையத்தில் வரிசையில் நின்றவர்களோ பல இலட்சம். மூடப்பட்ட அந்தப் பழைய லீக்கின் ஐந்து ஜெர்மானியக் குழுக்களை நினைவுகூருங்கள். நட்டக் கணக்கில் எழுதப்பட்ட விதை பதினைந்து ஆண்டுகள் கழித்து முளைத்திருந்தது. 2024-இல் பிரேசிலின் சாவ் பாவுலோ. அங்கே கொரிந்தியன்ஸ் கழகத்தின் அரங்கில் ஆட்டம். அக்கழகத்தின் பரம எதிரியான பால்மெய்ராசின் நிறம் பச்சை. ஆடவந்த கிரீன் பே பேக்கர்ஸ், பிலடெல்பியா ஈகிள்ஸ் ஆகிய இரண்டுக்கும் அடையாள நிறம் பச்சைதான்! உள்ளூர்ப் பகை தெரியாமல் விருந்தினராகப் போவதில் இப்படியும் சங்கடங்கள் உண்டு. 2025-இல் சாவ் பாவுலோ, டப்ளின், இலண்டன், பெர்லின், மட்ரிட் ஆகிய நகரங்களில் மொத்தம் ஏழு ஆட்டங்கள் நடைபெற்றன.

நாம் விரும்பிப் பார்க்கும் காற்பந்தில் மட்டும் இது ஏன் நடப்பதில்லை? நடத்த முயன்றார்கள். 2008-இல் பிரிமியர் லீக், 38 ஆட்டங்களுக்கு மேல் 39-ஆவதாக ஒரு சுற்றை வெளிநாட்டு நகரங்களில் நடத்தத் திட்டமிட்டது. இரசிகர்களும் அனைத்துலகக் காற்பந்து அமைப்பும் எதிர்த்ததால் அத்திட்டம் கைவிடப்பட்டது. அந்த எதிர்ப்பு வெறும் ஊர்ப்பற்றால் எழுந்ததன்று. பிரிமியர் லீக்கில் ஒவ்வொரு குழுவும் மற்ற எல்லாக் குழுக்களுடனும் சொந்த அரங்கில் ஒரு முறையும் எதிரணி அரங்கில் ஒரு முறையும் ஆடுகிறது. அந்தச் சமநிலைதான் அதன் நேர்மை. கூடுதலாக ஓர் ஆட்டம் வைத்தால், ஒரு குழுவுக்கு வலிய எதிரியும் இன்னொன்றுக்கு எளிய எதிரியும் வாய்க்கலாம். என்.எஃப்.எல்.லில் அத்தகைய சமநிலை தொடக்கத்திலிருந்தே இல்லை. 32 குழுக்களுக்கு 17 ஆட்டங்கள் என்றால், எல்லாரும் எல்லாரோடும் ஆட முடியாது. இல்லாத சமநிலையை யாரும் குலைத்துவிட முடியாதல்லவா?

2025-ஆம் ஆண்டின் இறுதியில் இவ்விரு உலகங்களும் ஒரே அரங்கின் பெயரால் சந்தித்துக்கொண்டன. ஸ்பெயினின் லா லீகா, வில்லாரியால், பார்சிலோனா குழுக்களின் ஆட்டத்தை டிசம்பர் மாதம் அமெரிக்காவின் மயாமியில் நடத்த முடிவு செய்திருந்தது. ரியல் மட்ரிட் கழகம் கடுமையாக எதிர்த்தது. லீக்கின் ஆட்டங்களில் ஆட்டக்காரர்கள் தொடக்க விசில் ஒலித்தபின் சில நொடிகள் அசையாமல் நின்று தங்கள் எதிர்ப்பைக் காட்டினர். அக்டோபரில் அத்திட்டம் கைவிடப்பட்டது. அந்த ஆட்டத்திற்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தது மயாமி டால்ஃபின்ஸ் குழுவின் அரங்கம்.

அடுத்த மாதம், நவம்பர் 16-ஆம் நாள், அதே மயாமி டால்ஃபின்ஸ் தன் சொந்த அரங்க ஆட்டம் ஒன்றை ஆடி, கூடுதல் நேரத்தில் 16-13 என்று வென்றது. ஆடிய இடம், மட்ரிட் நகரில் ரியல் மட்ரிட்டின் பெர்னபேயு அரங்கம்.