வயோதிகர்க்கு மடக்கு மின்சார சைக்கிள்: பார் உள்ளதா, பார் தாழ்ந்ததா?



நம்மில் அநேகருடைய வீட்டில் அறுபதும் எழுபதும் தாண்டிய பெரியவர்கள் இருக்கிறார்கள். கடையைப் பிள்ளைகளிடம் ஒப்படைத்துவிட்ட போதிலும், வீட்டில் அடங்கி உட்கார அவர்களுக்கு மனம் வருவதில்லை. சுபுஹுக்குப் பள்ளிக்குப் போக வேண்டும், பாசாரில் மீன் பார்த்து வாங்க வேண்டும், கடையை ஒருமுறை எட்டிப் பார்த்து, "இன்று வியாபாரம் எப்படி?" என்று கேட்க வேண்டும். முழங்கால் வலிக்கிறது, நடக்க முடியவில்லை என்றதும், "ஒரு மின்சார சைக்கிள் வாங்கிக் கொடு" என்கிறார்கள். பிளாட்டில் இடமில்லை, ஆகையால் மடக்கு சைக்கிளாகவே கேட்கிறார்கள். அதில் எதை வாங்குவது என்பதே இக்கட்டுரையின் விஷயம்.

மடக்கு மின்சார சைக்கிள் இரண்டு விதம். ஒன்றில், கைப்பிடிக்கும் ஆசனத்துக்கும் நடுவே ஒரு தடித்த குழாய் ஓடும். அதன் மத்தியில் கீல் இருக்கும். அந்தக் குழாய் பெரும்பாலும் முழங்காலுக்கு மேலே நிற்கும். மற்றதில் அந்தக் குழாய் கீழே தாழ்ந்து வளைந்திருக்கும். காலை அதிகம் தூக்காமல் நடந்தே உள்ளே புகுந்துவிடலாம். நம் பெரியவர்கள் முந்தியதை 'ஜென்ட்ஸ் சைக்கிள்' என்றும், பிந்தியதை 'லேடீஸ் சைக்கிள்' என்றும் சொல்வார்கள். இந்தப் பெயரில்தான் அபாயம் ஆரம்பிக்கிறது.

என் மாமுவுக்கு அப்போது வயது 68. நாற்பது வருஷம் கடையில் நின்று உழைத்தவர். சைக்கிள் வாங்க அவரைக் கடைக்கு அழைத்துக்கொண்டு போனவன் நான். பணம் கொடுத்தவனும் நான். பார் தாழ்ந்த சைக்கிளைக் கடைக்காரர் காட்டினார். "பொம்பிளை சைக்கிளில் போனால் புளோக்கில் சிரிப்பார்கள்" என்றார் மாமு. நானும் சிரித்துக்கொண்டே மற்றதை வாங்கிக் கொடுத்தேன். பேட்டரி எவ்வளவு தூரம் வரும், மோட்டாருக்கு எத்தனை வருஷம் உத்தரவாதம், விலையில் எவ்வளவு குறையும் என்றெல்லாம் ஒரு வியாபாரி கேட்கவேண்டியதை ஒன்று விடாமல் கேட்டேன். "மாமு, உங்கள் கால் இதைத் தாண்டுமா?" என்று மட்டும் கேட்கவில்லை. நான்காம் மாதம் ஒரு நாள், பாசார்ப் பையோடு வந்து புளோக்கின் கீழே நின்று இறங்கும்போது, செருப்பு குழாயில் தட்டி விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்தது. சைக்கிள் ஓடும்போது அவர் ஒருநாளும் விழுந்ததில்லை. விழுந்தது அது நின்ற பிறகுதான்.

இதிலிருந்து நான் கற்ற பாடம் ஒன்றே. வயோதிகர்க்கு சைக்கிள் ஓட்டுவதைக் காட்டிலும் ஏறுவதும் இறங்குவதுமே அபாயம். நெதர்லாந்து நாட்டில் வயோதிகர்கள் மின்சார சைக்கிளை மிகுதியாக ஓட்டுகிறார்கள். ஏறும்போதும் இறங்கும்போதும் விழுவது அங்கே நன்கு தெரிந்த ஒரு விபத்து வகை. ஆகவே சைக்கிளைத் தேர்ந்தெடுக்கும்போது, "இது எவ்வளவு வேகம் போகும்?" என்பதற்கு முன், "இதிலிருந்து எப்படி இறங்குவது?" என்று கேட்க வேண்டும். காரணங்களை வரிசையாகச் சொல்கிறேன்.

முதலாவது: நம் பெரியவர்கள் சைக்கிள் கற்ற விதம். இடது காலைப் பெடலில் வைத்து, வலது காலால் தரையை இரண்டு முறை உந்தி, வண்டி ஓட ஆரம்பித்ததும் வலது காலைப் பின்னால் வீசி ஏறுவார்கள். சாதாரண சைக்கிளுக்கு அது சரி. மின்சார சைக்கிளில் பெடலை மிதித்தால் மோட்டார் உதவிக்கு வந்துவிடும். ஒரு கால் பெடலிலும் ஒரு கால் காற்றிலும் இருக்கும்போது வண்டி திடீரென்று முன்னால் பாய்ந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. பார் தாழ்ந்த சைக்கிளில் இந்தப் பழைய பழக்கம் தேவையே இல்லை. இரண்டு பிரேக்கையும் பிடித்துக்கொண்டு, உள்ளே நடந்து புகுந்து, இரண்டு காலையும் தரையில் ஊன்றி நின்று, உட்கார்ந்து, அதன் பிறகு மோட்டாரைப் போடலாம்.

இரண்டாவது: சாமான். வியாபாரியின் சைக்கிளில் பின்னால் ஒரு பெட்டியோ கூடையோ இல்லாமல் இராது. பின்னால் பெட்டி இருந்தால் காலைப் பின்பக்கம் வீச முடியாது. முன்பக்கமாகக் குழாய்க்கு மேல் தூக்கித்தான் ஆக வேண்டும். கைலி கட்டியவருக்கும், ஜுப்பா அணிந்தவருக்கும் அது இரட்டைக் கஷ்டம். துணி குழாயிலும் ஆசனத்தின் மூக்கிலும் மாட்டிக்கொள்ளும்.

மூன்றாவது: சிங்கப்பூரின் விதி. மின்சார சைக்கிளை நடைபாதையில் ஓட்டக்கூடாது. சாலையிலும் சைக்கிள் பாதையிலும் மட்டுமே ஓட்டலாம். புளோக்கிலிருந்து சைக்கிள் பாதை வரை இறங்கித் தள்ளிக்கொண்டு போக வேண்டும், பாசார் வந்ததும் மறுபடி இறங்க வேண்டும், திரும்பும்போதும் அப்படியே. ஒரு சிறு பிரயாணத்துக்கே நாலைந்து தடவை ஏறி இறங்க நேரிடுகிறது. வாலிபனுக்கு இது ஒரு பொருட்டல்ல. வாத முழங்காலுக்கு ஒவ்வொரு தடவையும் ஒரு சோதனை.

இனி, பார் உள்ள சைக்கிளின் நியாயத்தையும் சொல்லாமல் விடக்கூடாது. நேரான குழாய் இயல்பாகவே உறுதியானது. தாழ்ந்து வளைந்த குழாய்க்கு அதே உறுதி வர வேண்டுமானால் உலோகம் கனமாக இருக்க வேண்டும். எடை சற்றுக் கூடும். மலிவான சரக்காக இருந்தால் பாரம் ஏற்றியதும் நடுவில் நெளியும். இடுப்பும் முழங்காலும் சௌக்கியமாக உள்ளவர், சாமான் ஏற்றாதவர், சைக்கிளை அடிக்கடி மடக்கிக் கார்ப் பெட்டியில் வைப்பவர் ஆகியோர்க்குப் பார் உள்ளதே பொருந்தலாம். ஆனால் பத்து வருஷம் ஓட்ட வாங்குகிற பொருளை இன்றைய முழங்காலுக்கு வாங்காதீர்கள். இன்னும் ஐந்து வருஷம் கழித்து இருக்கப்போகும் முழங்காலுக்கு வாங்குங்கள்.

எது பொருந்தும் என்று வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். சுவர் ஓரமாக இரண்டு நாற்காலிகளை வைத்து, அவற்றின் கால்களுக்கு நடுவே தரையிலிருந்து 40 சென்டிமீட்டர் உயரத்தில் ஒரு நூலை முடிச்சுப் போடாமல் சும்மா மாட்டிவையுங்கள். பெரியவர் வழக்கமாக அணியும் உடையோடும் செருப்போடும் அதைப் பத்து முறை தாண்டட்டும். பக்கத்தில் ஒருவர் நில்லுங்கள். பிறகு 55 சென்டிமீட்டருக்கு உயர்த்துங்கள். முதல் இரண்டு தடவையைப் பார்க்காதீர்கள். எட்டாவது, ஒன்பதாவது தடவையைப் பாருங்கள். கால் நூலில் தட்டினாலும், கை சுவரைத் தேடினாலும், விடை கிடைத்துவிட்டது. கடைக்குப் போகும்போது அளவு நாடாவைக் கொண்டுபோய்க் குழாயின் உயரத்தை அளந்துகொள்ளுங்கள்.

மடக்குவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. மடக்கினால் இடம் மிச்சமாகும், எடை மிச்சமாகாது. சிங்கப்பூரில் மின்சார சைக்கிளின் எடை 20 கிலோவுக்கு மேற்படக் கூடாது என்பது விதி. 20 கிலோ என்றால் பத்துக் கிலோ அரிசி மூட்டை இரண்டு. எழுபது வயதுக்காரர் அதைத் தினமும் தூக்குவது முதுகுக்கு ஆகாது. ஆகையால் மடக்கிய பிறகும் உருட்டிக்கொண்டு போகக்கூடியதா என்று பாருங்கள். தூக்கியே ஆகவேண்டுமானால் பேட்டரியை முதலில் கழற்றிவிடுங்கள். கீலையும் கைப்பிடித் தண்டின் தாழ்ப்பாளையும் பூட்டி, முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள். சிறிது ஆட்டம் இருந்தாலும் வாங்க வேண்டாம். பெரியவரின் விரல்களால் அந்தத் தாழ்ப்பாளைத் திறந்து மூட முடிகிறதா என்பதையும் அவரையே செய்யச் சொல்லிப் பாருங்கள்.

மற்றும் கவனிக்க வேண்டியவை: ஆசனத்தில் உட்கார்ந்தபடியே இரண்டு பாதமும் தரையில் முழுதாகப் பதியும்வரை ஆசனத்தை இறக்க முடிய வேண்டும். சக்கரம் 14 அங்குலத்தை விட 20 அங்குலம் நல்லது; சிறிய சக்கரம் சிறு பள்ளத்திலும் தடுக்கும். பிரேக்கை இரண்டு விரலால் அழுத்தினாலே வண்டி நிற்க வேண்டும். மிதிக்கும் பலத்தை அளந்து அதற்கேற்ப உதவும் மோட்டார் மெதுவாகக் கிளம்பும். பெடல் சுற்றுவதை மட்டும் அறிந்து உதவும் மோட்டார் சில வண்டிகளில் சட்டென்று தள்ளும். இரண்டையும் ஓட்டிப் பார்த்து வித்தியாசத்தை அறிந்துகொள்ளுங்கள்.

சட்டத்தையும் மறக்கலாகாது. மோட்டார் 250 வாட்டுக்கு மேற்படக் கூடாது. பெடல் மிதித்தால்தான் அது வேலை செய்ய வேண்டும். 25 கிலோமீட்டர் வேகத்தில் உதவி நின்றுவிட வேண்டும். நிலப் போக்குவரத்து ஆணையத்தின் முத்திரையும் பதிவு எண் தகடும் இருக்க வேண்டும். 2022 ஜனவரி 1 முதல், ஓட்டுகிறவர் இணையவழி எழுத்துத் தேர்வில் தேறியிருக்கவும் வேண்டும். வயோதிகர் என்று சலுகை இல்லை. சாலையில் தலைக்கவசம் கட்டாயம். இருட்டில் முன்னால் வெள்ளை விளக்கும் பின்னால் சிவப்பு விளக்கும் எரிய வேண்டும். ஜொகூரிலும் அப்பாலும் உள்ள சகோதரர்கள் தங்கள் நாட்டு விதியைக் கேட்டறிந்துகொள்வது அவசியம்.

பேட்டரி விஷயத்தில் வியாபாரிகள் விசேஷ ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். வண்டியோடு வந்த சார்ஜரையே உபயோகியுங்கள். இரவு முழுவதும் போட்டுவிட்டுத் தூங்காதீர்கள். வீட்டு வாசலருகே சார்ஜ் செய்யாதீர்கள். தீப்பிடித்தால் வெளியே வரும் வழி அடைபட்டுவிடும். கடையில் துணி, அட்டைப்பெட்டி, பிளாஸ்டிக் சாமான்களின் பக்கத்தில் வைக்கவே கூடாது. வீங்கிய பேட்டரியையும், கீழே விழுந்து அடிபட்ட பேட்டரியையும் மறுபடி உபயோகிக்க வேண்டாம்.

மாமு இப்போது கைத்தடி ஊன்றி நடக்கிறார். பாசாருக்கு யாராவது அழைத்துப் போனால்தான் உண்டு. சென்ற மாதம் அவருடைய தம்பிக்கு சைக்கிள் வாங்கும் பேச்சு வந்தது. அவரும், "லேடீஸ் சைக்கிளா?" என்று முகம் சுளித்தார். மூலையில் உட்கார்ந்திருந்த மாமு, "சிரிக்கிறவன் சிரித்துவிட்டுப் போவான். விழுந்தால் தூக்க வரமாட்டான். தாழ்ந்ததையே வாங்கு" என்றார். அன்றே போய் வாங்கினோம். இம்முறை கடைவாசலில் சின்ன மாமுவைப் பத்துத் தடவை ஏறி இறங்கச் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் பணத்தை எண்ணிக் கொடுத்தேன்.

சகோதரர்களே, நீங்களும் பெரியவரைக் கூட அழைத்துக்கொண்டு போங்கள். அவர் ஏறி இறங்குவதைப் பாருங்கள். விலையைப் பிறகு பேசிக்கொள்ளலாம்.