சோற்றில் புரதம் கூடுமா?



பெரட்டுக்குப் போகிறவர் முதல் பள்ளிக்கூடம் போகும் பிள்ளை வரை, நம் வீடுகளில் வயிறு நிறைவது சோற்றால்தான். "சோறு இல்லேன்னா தெம்பு ஏது?" என்று பெரியவர்கள் கேட்பார்கள். தெம்பு வருவது உண்மைதான். ஆனால் பிள்ளைகள் வளரவும், புண் ஆறவும், சதை தேயாமல் இருக்கவும் வேண்டியது புரதச் சத்து. 100 கிராம் வெள்ளை அரிசியில் புரதம் ஏறக்குறைய 7 கிராம்தான். மற்றதில் பெரும்பகுதி மாவுச் சத்து. கையில் காசு குறையும்போது முதலில் குறைவது மீனும் முட்டையும். அப்போது தட்டு நிறைந்திருந்தும் உடம்பில் புரதம் குறைகிறது.

அரிசியிலேயே புரதத்தைக் கூட்ட முடியாதா? முடியும், ஆனால் சுலபமல்ல. ஒரே விதையை இரண்டு வயலில் போட்டால், மண்ணையும் உரத்தையும் பொறுத்துப் புரதம் மாறும். கூடிய புரதம் விதையால் வந்ததா, உரத்தால் வந்ததா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. அறுத்து, குத்தி, சோதித்துப் பார்த்தால்தான் தெரியும்.

அடையாளம் பார்ப்பது எப்படி?

செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்கிறவர்களுக்கு இது எளிதில் விளங்கும். ஓடு தடித்த பழத்தைவிட, ஓடு மெல்லிய பழத்தில்தான் எண்ணெய் அதிகம். முன்பெல்லாம் கன்று நட்டு, காய்க்கும்வரை ஏறக்குறைய மூன்று ஆண்டு காத்திருந்தால்தான் ஓடு எப்படி என்று தெரியும். ஓட்டின் தடிப்பைத் தீர்மானிக்கும் மரபணுவை மலேசியச் செம்பனை எண்ணெய் வாரிய விஞ்ஞானிகள், அமெரிக்க விஞ்ஞானிகளோடு சேர்ந்து கண்டுபிடித்து 2013-இல் வெளியிட்டார்கள். அதன் பிறகு, நாற்றுப் பண்ணையில் இருக்கும் கன்றின் இலையில் ஒரு துண்டை எடுத்துச் சோதித்தாலே போதும் என்றாயிற்று.

நெல்லிலும் இதே வழிதான். நெல்லின் ஒவ்வோர் உயிரணுவிலும் 12 ஜோடி குரோமோசோம் இழைகள் உண்டு. நமக்கு வேண்டிய மரபணுவுக்குப் பக்கத்திலேயே இருந்து, தலைமுறை தலைமுறையாக அதோடு சேர்ந்தே வரும் இடத்தைத்தான் 'மரபணு அடையாளம்' என்கிறார்கள். வீட்டு நம்பரைப் பார்த்தே உள்ளே யார் குடியிருக்கிறார் என்று சொல்வதுபோல.

இந்தியாவில் கட்டாக் நகரின் நெல் ஆராய்ச்சி நிலையத்தார், புரதம் மிகுந்த அசாம் நெல் ஒன்றை 'நவீன்' என்ற நெல்லோடு கலந்து, பிறந்த பயிரை மீண்டும் மீண்டும் நவீனோடு சேர்த்தார்கள். 2016-இல் 'சி.ஆர். தன் 310' வெளிவந்தது. அதன் அரிசியில் புரதம் 100-க்கு ஏறக்குறைய 10 கிராம். அதே கலப்பில் பிறந்த பயிர்களை ஆராய்ந்து, முதலாம் குரோமோசோமில் புரதத்தோடு தொடர்புள்ள இடத்தைக் கண்டு 2019-இல் வெளியிட்டார்கள். இப்படி அடையாளம் தெரிந்துவிட்டால், வேண்டாததை நாற்றிலேயே கழித்துவிடலாம். ஆனால் செம்பனை ஓட்டுக்கு ஒரு மரபணு. அரிசிப் புரதத்துக்கோ பல மரபணுக்கள். ஆகவே கடைசிச் சோதனை இன்னும் வயலில்தான்.

நமக்கு என்ன லாபம்?

கணக்குப் பாருங்கள். ஒருவர் நாளைக்கு 300 கிராம் அரிசி சாப்பிட்டால், சாதாரண அரிசியில் 21 கிராம் புரதம்; புது அரிசியில் 30 கிராம். கூடுவது 9 கிராம், அதாவது ஒன்றரை முட்டை அளவு. 60 கிலோ எடையுள்ளவருக்கு நாளைக்கு 50 கிராம் அளவு வேண்டும். எனவே புது அரிசி உதவும். அது மட்டுமே போதாது.

இன்னொன்று: அரிசிப் புரதத்தில் 'லைசின்' என்ற பகுதி குறைவு. பருப்பில் அது நிறைய உண்டு. சோற்றோடு பருப்பைச் சேர்த்தால் ஒன்றின் குறையை மற்றது தீர்க்கும்.

ஆகவே நினைவில் வையுங்கள்:

1. சோற்றை ஓர் அகப்பை குறைத்து, பருப்பை ஓர் அகப்பை கூட்டுங்கள். சாம்பார் தண்ணியா இருந்தா பருப்பு எங்கே இருக்கும்?

2. முட்டை, நெத்திலி, தெம்பே, கச்சான், இவற்றில் ஏதாவது ஒன்று தினமும் பிள்ளையின் தட்டில் இருக்கட்டும்.

3. இனிப்பு நீர் உள்ளவர்கள் கவனிக்க: புரதம் கூடிய அரிசியும் அரிசிதான். அளவு மீறக் கூடாது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் புரதத்தைக் கூட்டுமுன் டாக்டரைக் கேளுங்கள்.

நல்ல விதை நம் கடைக்கு வரும்போது வரட்டும். பருப்பு இன்றைக்கே அடுப்பில் ஏறட்டும்!