யார் நீர்? உமக்கு எதற்கு அனுமதி? – முகிற் கொத்தணியும் வெளி அடையாள வழங்குநரும்



க.பொ.த. (சா/த) பரீட்சை மண்டப வாசலில் நடப்பதைச் சற்று எண்ணிப் பாருங்கள். நோக்குநர் உங்கள் தேசிய அடையாள அட்டையைப் பார்க்கிறார். அதை வழங்கியது பரீட்சை மண்டபம் அன்று, ஆட்பதிவுத் திணைக்களமாகும். அத்திணைக்களத்தை நம்புவதால் நோக்குநர் அட்டையை ஏற்றுக்கொள்கிறார். அடுத்து, உங்கள் அனுமதி அட்டையில் அன்றைய பாடம் உள்ளதா எனப் பார்க்கிறார். சங்கீதம் அதில் இல்லையெனில், அடையாள அட்டை எவ்வளவு சரியாக இருந்தாலும் சங்கீத வினாத்தாள் உங்களுக்குக் கிடைக்காது.

இங்கு இரண்டு வினாக்கள் உள்ளன. வகுப்பில் பலர் இவ்விரண்டையும் ஒன்றாக்கி எழுதிப் புள்ளிகளை இழப்பதைக் கண்டுள்ளேன். எனவே முதலில் வரைவிலக்கணங்களைப் பார்ப்போம்.

1. வரைவிலக்கணங்கள்

அடையாள உறுதிப்பாடு: ஒருவர் தாம் கூறும் நபர்தானா என்பதை உறுதிசெய்தல். ("நீர் யார்?")

அதிகாரமளித்தல்: அடையாளம் உறுதிசெய்யப்பட்டவர் எவற்றைச் செய்யலாம் எனத் தீர்மானித்தல். ("உமக்கு எதற்கு அனுமதி?")

அடையாள வழங்குநர்: பயனர்களின் கணக்குகளையும் கடவுச்சொற்களையும் வைத்திருந்து, அவர்களின் அடையாளத்துக்கு ஏனைய முறைமைகளிடம் சான்று வழங்கும் சேவை.

2. கொத்தணிக்கு வெளி வழங்குநர் ஏன் வேண்டும்?

பல கணினிகள் ஒன்றுசேர்ந்து ஒரே முறைமை போல இயங்குவது கொத்தணி எனப்படும். முகில் கணிமையில் கொத்தணிகளை நிருவகிக்கப் பெரிதும் பயன்படுவது குபெர்நெட்டிஸ் என்னும் திறந்த மூல மென்பொருளாகும். கூகுள் நிறுவனம் 2014 இல் இதனை அறிமுகப்படுத்தியது. 1.0 பதிப்பு 2015 இல் வெளிவந்தது. சுக்கான் பிடிப்பவர் என்பது இக்கிரேக்கச் சொல்லின் பொருள்.

கொத்தணிக்கு வரும் கட்டளைகள் ஏ.பி.ஐ. சேவையகம் என்னும் வாசலூடாகச் செல்கின்றன. ஆனால் குபெர்நெட்டிஸ் மனிதப் பயனர்களின் பெயர்ப் பட்டியலையோ கடவுச்சொற்களையோ தன்னிடம் பதிந்து வைப்பதில்லை. அவர்களை வெளியே நிருவகிக்க வேண்டும்.

இதற்காக ஒரே நிருவாகச் சான்றை எல்லோரும் பகிர்ந்து பாவித்தால் என்ன நடக்கும்? நான் கற்பித்த ஒரு கணினிக் கூடத்தில் முப்பது மாணவர்களும் ஒரே கடவுச்சொல்லைப் பாவித்தனர். ஒரு நாள் செயற்றிட்டக் கோப்புகள் அழிந்திருந்தன. அழித்தவர் யாரென்று அறிய வழி இருக்கவில்லை. எல்லோர் மீதும் சந்தேகம் விழுந்தது. கொத்தணியிலும் இதே நிலைதான். மேலும், ஒருவர் வேலையை விட்டு விலகினால் எல்லோருக்குமான சான்றையும் மாற்ற நேரிடும். வெளி வழங்குநர் இருந்தால், விலகியவரின் கணக்கை மட்டும் மூடினால் போதும்.

3. செயற்படும் ஒழுங்கு

இதற்குப் பயன்படும் நியமங்களுள் முக்கியமானது ஓப்பன்ஐடி கனெக்ட் ஆகும். இது 2014 இல் வெளியிடப்பட்டது, ஓஆத் 2.0 என்னும் நியமத்தின் மீது அமைந்தது.

(அ) பயனர் அடையாள வழங்குநரின் பக்கத்தில் உள்நுழைவார். கடவுச்சொல் அங்கு மட்டுமே கொடுக்கப்படும்.
(ஆ) வழங்குநர் தனது தனிப்பட்ட சாவியால் இலத்திரனியல் கையொப்பமிட்ட ஓர் அடையாள டோக்கனை வழங்கும்.
(இ) பயனரின் கட்டளையுடன் டோக்கனும் ஏ.பி.ஐ. சேவையகத்துக்குச் செல்லும்.
(ஈ) சேவையகம் வழங்குநரின் பகிரங்கச் சாவியைக் கொண்டு கையொப்பத்தைச் சரிபார்க்கும். டோக்கனை வழங்கியவர் யார், அது யாருக்காக வழங்கப்பட்டது, காலாவதியாகிவிட்டதா என்பவற்றையும் பார்க்கும்.
(உ) டோக்கனிலிருந்து பயனர் பெயரும் குழுக்களும் எடுக்கப்படும்.
(ஊ) அதன் பின்னரே, அக்கட்டளைக்கு அவருக்கு அனுமதி உண்டா என ஆராயப்படும்.

(ஈ) வரை அடையாள உறுதிப்பாடு, (ஊ) அதிகாரமளித்தல். (உ) இவ்விரண்டையும் இணைக்கும் பாலமாகும்.

4. அமைவாக்கத்தில் கொடுக்க வேண்டியவை

முதலில் கொத்தணியை வழங்குநரிடம் பதிவுசெய்து ஓர் அடையாளப் பெயரைப் பெற வேண்டும். பின்னர் ஏ.பி.ஐ. சேவையகத்துக்குப் பின்வருவனவற்றைக் கொடுக்க வேண்டும்.

• வழங்குநரின் முகவரி. இது எச்.ரி.ரி.பி.எஸ். முகவரியாக இருத்தல் வேண்டும். டோக்கனில் உள்ள முகவரியும் இதுவும் அச்சொட்டாகப் பொருந்த வேண்டும்.
• பதிவின்போது பெற்ற அடையாளப் பெயர். வேறொரு செயலிக்காக வழங்கப்பட்ட டோக்கன் இங்கு ஏற்கப்படாமல் இருக்க இதுவே காரணம்.
• டோக்கனின் எந்தப் புலத்திலிருந்து பயனர் பெயரை எடுப்பது, எந்தப் புலத்திலிருந்து குழுக்களை எடுப்பது என்பன.
• பெயர்களுக்கும் குழுக்களுக்கும் முன்னொட்டு. வெளியிலிருந்து வரும் குழுவின் பெயர் கொத்தணியின் நிருவாகக் குழுவின் பெயரோடு ஒத்துப்போனால், உரியவரல்லாதவருக்கு முழு அதிகாரமும் சென்றுவிடும். முன்னொட்டு இதனைத் தடுக்கும்.

இறுதியாக, ஒவ்வொரு குழுவுக்கும் உரிய அனுமதிகளைக் கொத்தணியில் வரையறுக்க வேண்டும். இது வகிபாகம் சார்ந்த அணுகல் கட்டுப்பாடு எனப்படும். இதனைச் செய்யாவிட்டால், சரியாக உள்நுழைந்தவராலும் பயனுள்ள எதையும் செய்ய முடியாது.

5. நினைவில் கொள்க

• அடையாள அட்டையில் புகைப்படம் உண்டு, டோக்கனில் இல்லை. அதைக் கையில் வைத்திருப்பவர் எவரோ அவரையே உரியவராக முறைமை கொள்ளும். எனவே டோக்கனை எவரோடும் பகிரக்கூடாது.
• டோக்கனில் கையொப்பம் இருப்பதால் அதனை மாற்றினால் கண்டுபிடிக்கலாம். ஆனால் அது பொதுவாக மறைகுறியாக்கப்பட்டிருப்பதில்லை. உள்ளே இருப்பதை எவரும் வாசிக்கலாம்.
• ஏ.பி.ஐ. சேவையகம் ஒவ்வொரு கட்டளைக்கும் வழங்குநரிடம் கேட்பதில்லை. ஆகவே கணக்கை மூடினாலும், ஏற்கெனவே வழங்கிய டோக்கன் காலாவதியாகும் வரை செல்லுபடியாகும். இதனாலேயே அதன் ஆயுட்காலத்தைக் குறுகியதாக வைக்கின்றனர்.
• டோக்கன் பிழையெனில் 401 என்னும் விடை வரும். ஆள் சரி, அனுமதி இல்லையெனில் 403 வரும். பிழையை எங்கே தேடுவது என்பதை இவ்விலக்கமே காட்டித்தரும்.

6. பயிற்சி வினாக்கள்

(1) காலாவதியான டோக்கனுடன் கட்டளை அனுப்பிய பயனருக்குக் கிடைக்கும் விடை யாது?
(i) 200 (ii) 401 (iii) 403 (iv) 404

(2) வழங்குநரின் கையொப்பத்தைச் சரிபார்க்கத் தேவைப்படுவது யாது?
(i) பயனரின் கடவுச்சொல் (ii) வழங்குநரின் தனிப்பட்ட சாவி (iii) வழங்குநரின் பகிரங்கச் சாவி (iv) கொத்தணியின் பெயர்

(3) ஒரு பணியாளர் காலை 9.00 மணிக்கு ஒரு மணித்தியாலம் செல்லுபடியாகும் டோக்கனைப் பெற்றார். 9.20 இற்கு அவரது கணக்கு மூடப்பட்டது. கொத்தணியில் வேறு எந்த மாற்றமும் செய்யப்படவில்லை. 9.40 இற்கு அவரது கட்டளை ஏற்கப்படுமா? காரணம் தருக. உடனடியாக அவரைத் தடுக்க ஒரு வழி கூறுக.

விடைகள்: (1) ii (2) iii (3) அவருக்கு அனுமதியுள்ள கட்டளையாயின் ஏற்கப்படும். டோக்கன் 10.00 மணி வரை செல்லுபடியாகும். சேவையகம் வழங்குநரிடம் மீண்டும் கேட்பதில்லை. அவருக்குரிய அனுமதிகளைக் கொத்தணியில் நீக்குவதன் மூலம் உடனடியாகத் தடுக்கலாம்.

மூன்றாம் வினாவுக்கு "ஆம்" என்று மட்டும் எழுதி நிறுத்திவிடாதீர்கள். காரணத்துக்கே புள்ளிகள் அதிகம். பரீட்சையில் எந்த முறைமையைப் பற்றிக் கேட்டாலும், முதலில் "யார்?" என்பதற்கும் அடுத்து "எதற்கு அனுமதி?" என்பதற்கும் தனித்தனியே விடை எழுதிப் பழகுங்கள்.