திறவுகோலைக் குடிபெயர்த்தல்

தொலைவிலுள்ள கணினியொன்றை நம் மேசையிலிருந்தே ஆளுதற்குரிய வழிகளுள் எஸ்.எஸ்.எச். என்பது தலையாயது. பின்லாந்து நாட்டு ஹெல்சிங்கித் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் வலையில் கடவுச்சொற்கள் களவு போயினமை கண்டு, தாத்து யுலேனன் என்பார் 1995-இல் இதனை இயற்றினார்.

இம்முறையில் திறவுகோல்கள் இரண்டு. பொதுத் திறவுகோல் தொலைக் கணினியிலும், மறைத் திறவுகோல் நம்மிடத்தும் இருக்கும். பின்னது பிறர் கைப்படின் அவர் நம் பெயரால் உள்ளே புகுவர். தொலையுமாயின் நாமே வாயிலில் நிற்க நேரும். ஆதலின் விண்டோஸை விடுத்து லினக்ஸுக்குச் செல்லும் மாணவர் இதனை எங்ஙனம் கொண்டு செல்வதென்பதை ஈண்டு ஆராய்வோம்.

விண்டோஸில் பெரும்பாலும் வழங்குவது சைமன் டாத்தம் இயற்றிய புட்டி என்னும் செயலி. அது திறவுகோலைப் பிபிகே என்னும் வடிவில் எழுதும். லினக்ஸில் வழங்குவதோ 1999-இல் தோன்றிய ஓபன்எஸ்எஸ்எச். அதன் வடிவம் வேறு. 1954 நவம்பர் 1-இல் காரைக்கால் ஆட்சி பிரெஞ்சியரிடமிருந்து இந்தியாவின்பால் வந்தது. அதற்கு முன் கருக்களாச்சேரியிற் பிறந்தார்க்குப் பிரெஞ்சு மொழிப் பதிவேடே சான்று. பின்னர் ஏட்டின் மொழி வேறாயினும் ஆள் வேறாகவில்லை. அதுபோலவே ஈண்டும் எழுத்து வடிவம் மாறுமேயன்றித் திறவுகோலின் எண்கள் மாறா. எனவே தொலைக் கணினியில் யாதொன்றும் திருத்த வேண்டுவதில்லை.

முதலாவது, விண்டோஸிலேயே புட்டிஜென்னில் பிபிகே கோப்பைத் திறந்து, கன்வர்ஷன்ஸ் பட்டியலிலுள்ள ஓபன்எஸ்எஸ்எச் ஏற்றுமதியைத் தெரிந்து, புதுக் கோப்பாகச் சேமிக்க. அதனைக் காக்கும் மறைச்சொற்றொடரை நீக்கற்க. மின்னஞ்சலில் அனுப்பாது பென் டிரைவில் எடுத்துச் சென்று, பின்பு அதிலிருந்து அழித்துவிடுக.

இரண்டாவது, லினக்ஸில் நம் இல்லக் கோப்புறையிலுள்ள ‘.எஸ்எஸ்எச்’ என்னும் உறையுள் அதனை இடுக. உறைக்கு 700, கோப்புக்கு 600 என அனுமதி அமைத்தல் வேண்டும். என்னை? பிறர் படிக்கத்தக்க திறவுகோலை எஸ்.எஸ்.எச். ஏற்காது.

மூன்றாவது, சேமித்த அமர்வுகள். இவை கோப்புகளாக இன்றி, விண்டோஸ் ரெஜிஸ்டிரியில் சைமன் டாத்தம் பெயருள்ள கிளையின் கீழ் உறைகின்றன. ரெஜெடிட் கொண்டு அக்கிளையை உரைக் கோப்பாக எடுத்து, ஒவ்வோர் அமர்வையும் லினக்ஸின் கான்பிக் கோப்பில் ஹோஸ்ட், ஹோஸ்ட்நேம், யூசர், போர்ட், ஐடென்டிட்டிஃபைல் என்னும் வரிகளாக எழுதுக. ஈண்டு ஒன்று கருதத்தக்கது. ரெஜிஸ்டிரிக் கோப்பு, போர்ட் எண்ணைப் பதினாறை அடியாகக் கொண்ட எண்முறையில் காட்டும். அங்கே 16 என்றிருப்பது நாமறிந்த 22 ஆகும். 8ஏஇ என்றிருப்பது 2222 ஆகும். கண்டபடியே பெயர்த்தெழுதினால் கதவு திறவாது.

முதன்முறை இணையும்போது தொலைக் கணினியின் கைரேகையைக் காட்டி, ஏற்பதா என வினவும். அதனைக் கணினிப் பொறுப்பாளரிடம் கேட்டு ஒப்பிட்ட பின்னரே இசைதல் முறை.

நிற்க. எல்லா அமர்வுகளும் புதிய கணினியில் திறக்கின்றனவெனக் கண்டறியுமுன் பழையதனை அழித்தலாகாது. கண்டறிந்தபின் அழியாது விடுதலும் ஆகாது. பழைய கணினியைப் பிறர்க்கு ஈயும்போது அதிற் கிடக்கும் பிபிகே கோப்பையும் உடன் ஈவது, வீட்டை விற்றுவிட்டுப் புது வீட்டின் சாவியைப் பழைய வீட்டு ஆணியில் தொங்கவிடுதலை ஒக்கும்.